அடுப்படியில் ஒரு பாலர் வகுப்பு



பிள்ளைகளுக்குப் பென்சில் கொடுக்க அவசரப்பட வேண்டாம் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கும் ஓர் இளம் தாய். அவருடைய பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். 2009இல் அவருக்குப் பத்து வயது. இன்று அவருக்கு நாலு வயதில் ஒரு மகனும் இரண்டரை வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். கணவர் கூலி வேலைக்காக வெளி மாவட்டத்தில் நிற்கிறார். முன்பள்ளி வீட்டிலிருந்து மூன்று மைல். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் தோட்ட வேலைக்குப் போக முடியாது, போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

"அடுத்த வருசம் இவனை முதலாம் வகுப்பில் விட வேண்டும். ஓர் எழுத்தும் எழுதுகிறானில்லை. அகப்பைக் காம்பால் கையில் அடித்தும் விட்டேன்" என்று எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில், அடியில், சிறிய எழுத்தில் இன்னொன்று: "ரீச்சர், நான் விளையாட வேண்டிய வயதில் பங்கருக்குள் இருந்தேன். பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று எனக்குத் தெரியாது."

முதலில் அந்த அகப்பைக் காம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் மாதாமாதம் புத்தி சொல்லுகிற நானும் அடித்தவள்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது என் மகளுக்கு நாலு வயது. அடுத்த வருசம் வன்னியில் ஒரு மரத்தடிக் கொட்டிலில் இருந்தோம். ஊரில் இருந்திருந்தால் பாலர் பாடசாலையில் இருப்பாளே, இவளுடைய படிப்பு போகிறதே என்ற தவிப்பு எனக்கு. கிடைத்த ஒரு பழைய கொப்பியில் "அ" எழுதச் சொல்லிக் கையைப் பிடித்து அமத்துவேன். அவள் அழுவாள், பென்சில் முனை உடையும், நான் அடிப்பேன். அடித்தது அவளை. கோபம் எல்லாவற்றிலும். ஒருநாள் என் அம்மா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னேரம் போய்ப் பார்த்தால், சுளகில் புளியங்கொட்டையைக் கொட்டி வைத்துக்கொண்டு அம்மம்மாவும் பேத்தியும் பெரியது வேறு, சின்னது வேறாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். பாலர் கல்வி பற்றி நான் கற்ற முதற் பாடம் அதுதான். பயிற்சி வகுப்புக்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அந்தத் தாய்க்கு முதலில் ஓர் ஆறுதல். முதலாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை எழுதத் தெரிந்துதான் வரவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. 1999இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வந்தபோது, முதலிரண்டு வகுப்புக்களிலும் விளையாட்டும் செயற்பாடுமே கூடுதலாக இருக்கவேண்டும், எழுத்து வேலை குறைவாக இருக்கவேண்டும் என்றுதான் பாடத்திட்டத்தை அமைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்து வயதுக்கு முன் ஒரு கொப்பி நிறைய எழுதுகிறதே என்று பார்த்து நாங்கள்தான் பதறுகிறோம். அந்தப் பதற்றத்தில் சில முன்பள்ளிகளும் நாலு வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கின்றன. அது எனக்கு உடன்பாடான விடயம் அல்ல.

இனி, வீட்டில் என்ன செய்யலாம்?

அம்மாவின் புளியங்கொட்டையிலிருந்தே தொடங்குகிறேன். புளி உடைத்துக் கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் வைக்கிற காலத்தில் கொட்டைகளை எறிந்துவிடாதீர்கள். கழுவிக் காயவைத்தால் எத்தனை வருசமும் கிடக்கும். ஒரு பிடி புளியங்கொட்டை, ஒரு பிடி கடலை, ஒரு பிடி பயறு மூன்றையும் சுளகில் கலந்து, பக்கத்தில் மூன்று சிரட்டை வையுங்கள். "எல்லாம் குழம்பிப் போச்சு, அம்மாவுக்குப் பிரிச்சுத் தாறீங்களா?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு அது பாடமாகத் தெரியாது. அம்மாவுக்குச் செய்கிற உதவியாகத்தான் தெரியும். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் சேர்ந்து ஒரு பயற்றைக் கிள்ளி எடுக்கின்றன அல்லவா, பென்சிலைப் பிடிக்கவேண்டியதும் அதே மூன்று விரல்கள்தான். அந்த விரல்களில் பலம் வராத பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்தால் முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும், கை நோகும், "மாட்டேன்" என்று எறியும். அது பிடிவாதம் இல்லை.

பிரித்து முடிந்ததும் எந்தச் சிரட்டையில் கூட, எதில் குறைய என்று கேளுங்கள். எண்ணத் தெரியாத பிள்ளையும் கண்ணால் பார்த்துச் சொல்லும். பிறகு ஒன்றுக்கு ஒன்றாக நிரையில் அடுக்கச் செய்யலாம். புளியங்கொட்டை நிரை நீளமா, கடலை நிரை நீளமா? எண் என்பது வாயால் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று பாட்டுப் போலச் சொல்வது மட்டும் அல்ல. ஒரு கொட்டைக்கு ஒரு சொல், அடுத்த கொட்டைக்கு அடுத்த சொல் என்று விரலும் வாயும் சேர்ந்து போகவேண்டும். நூறு வரை ஒப்புவிக்கிற பிள்ளையிடம் "ஏழு கொட்டை தா" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் அள்ளித்தான் தருவார்கள்.

இன்னொன்று. புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் உரைத்தால் அந்தப் பக்கம் வெள்ளையாகும். (உரைத்த சூட்டோடு பக்கத்தில் இருப்பவரின் கையில் வைத்துச் சுடுகிற குறும்பு நாங்கள் எல்லோரும் செய்ததுதான். உரைக்கிற வேலையை நீங்களே செய்யுங்கள்.) இப்படி ஐந்து கொட்டை இருந்தால் சோழிக்குப் பதிலாகத் தாயம் விளையாடலாம். குலுக்கிப் போட்டதும் எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு? மூன்று வெள்ளை என்றால் கறுப்பு இரண்டு. இரண்டு வெள்ளை என்றால் கறுப்பு மூன்று. ஐந்து என்ற எண் எத்தனை விதமாகப் பிரியும் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும். கூட்டலும் கழித்தலும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இந்தக் கொட்டை விளையாட்டு மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே, அதுவும் உங்கள் கண் முன்னால். கடிதம் எழுதிய சகோதரியின் இரண்டரை வயது மகளுக்குப் பயறும் கடலையும் வேண்டாம். வாயில் போட்டுச் சிக்கும், மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகும். அவளுக்குச் சிரட்டைகளையும் பெரிய மூடிகளையும் கொடுங்கள், அடுக்கட்டும், தட்டட்டும். தப்பித் தவறி மூக்குக்குள் பயறு போய்விட்டால் ஈர்க்கால் கிண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். அது உள்ளே போகும், ஈரத்தில் ஊதும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். குண்டுமணி, ஆமணக்கு, அலரிக்கொட்டை மூன்றையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் விளையாடக் கொடுக்கக் கூடாது. பார்க்க அழகாக இருந்தாலும் மூன்றும் நஞ்சு.

அடுத்தது மணல். எங்கள் முன்னோர் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் பழகினார்கள். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது இன்றைக்கும் அரிசியில்தான் விரலைப் பிடித்து எழுதுகிறோம். ஆனால் அந்த ஒரு நாளோடு அரிசியை மூடிவிட்டு அடுத்த நாளே கொப்பிக்குப் போய்விடுகிறோம். ஒரு தட்டத்தில் குருமணலைப் பரப்பி வீட்டு மூலையில் வைத்துவிடுங்கள். மணலில் பிழை விட்டால் கையால் ஒரு தடவு, பிழை போய்விடும். கொப்பியில் விட்ட பிழை அப்படியே நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இத்தாலி நாட்டு வைத்தியரான மரியா மொண்டிசோரி 1907இல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு பகுதியில் பாலர் இல்லம் தொடங்கினார். மரம் தேய்க்கிற மணல் தாளில் எழுத்துக்களை வெட்டி ஒட்டிப் பிள்ளைகளை விரலால் தடவிப் பார்க்க வைத்தார். கண்ணுக்கு முன் விரல் எழுத்தைப் படிக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். எங்களிடம் தாள் இல்லாவிட்டாலும் மணல் இருக்கிறது.

மணலில் முதல்நாளே எழுத்து வேண்டாம். கோடு இழுக்கட்டும். நின்ற கோடு, படுத்த கோடு, வட்டம், கோழிக்காலடி, பாம்பு. இரண்டு மூன்று கிழமை அப்படியே போகட்டும். பிறகு எழுத்து என்றால் "அ"வில் தொடங்காதீர்கள். என் மகளை அழவைத்த எழுத்து அது. சுழி, வளைவு, கோடு எல்லாம் அந்த ஒரு எழுத்துக்குள் இருக்கின்றன. "ட"வில் தொடங்குங்கள். ஒரு நின்ற கோடு, ஒரு படுத்த கோடு, அவ்வளவுதான். அதற்கு வலப்பக்கம் இன்னொரு கோட்டை நிறுத்தினால் "ப". "ட"வும் "ப"வும் வந்துவிட்டால் "படம்" என்ற சொல்லுக்கு "ம்" மட்டும்தான் பாக்கி. தன் கையால் ஒரு சொல் எழுதிவிட்டேன் என்ற சந்தோசம் ஒருமுறை வந்துவிட்டால், "அ"வைத் தானே கேட்டு வரும்.

ரொட்டிக்கு மாக் குழைக்கும்போது ஓர் உருண்டை பிள்ளைக்கும் கொடுங்கள். உருட்டி, நீட்டி, பாம்பாக்கி, அந்தப் பாம்பை வளைத்து எழுத்தாக்கலாம். கடைசியில் தாச்சியில் போட்டுச் சுட்டுக் கொடுத்தால் தன் பெயரின் முதல் எழுத்தைப் பிள்ளை தின்னும். மா விற்கிற விலைக்கு இது கட்டாது என்றால் குளத்துக் களிமண் போதும், தின்ன முடியாது என்பதுதான் குறை.

நிறத்துக்குக் காசு கொடுத்துப் பெட்டி வாங்கவேண்டியதில்லை. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்தால் மஞ்சள் நிறம். பழைய காகிதத்தில் அதைப் பூசிக் காயவிட்டு, சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்த விரலால் கீறச் சொல்லுங்கள். கீறிய இடம் சிவக்கும். மஞ்சள் கறை பட்ட சட்டையைத் தோய்க்கும்போது நாங்கள் எல்லோரும் கண்டதுதான். பிள்ளைக்கு அது மாயவித்தை. செவ்வரத்தம்பூ இதழைக் கசக்கிக் காகிதத்தில் தேய்த்தால் ஊதா நிறம் வரும். அதிலே ஒரு சொட்டுத் தேசிக்காய்ப்புளி விட்டால் றோசாவாகும், சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சைக்கு ஓடும். "ஏனம்மா?" என்று கேட்கும். புளிப்புக்கு ஒரு நிறம், சவர்க்காரத்துக்கு ஒரு நிறம் என்று மட்டும் சொல்லுங்கள். இன்னும் என்னென்னவற்றுக்கு நிறம் மாறும் என்று தானே வீடு முழுக்கத் தேடும். ஒரு பின்னேரம் அமைதியாகப் போகும்.

பூவரசம் இலையைச் சுருட்டி ஊதுகிறது, ஓலைக் காற்றாடியை முள்ளில் குத்திக்கொண்டு ஓடுகிறது, இரண்டு நுங்குக் கோம்பையைத் தடியில் கோத்து வண்டில் விடுகிறது இவையெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்று இல்லை. வீட்டில் ஆச்சி, அப்பு யாராவது இருந்தால் அவர்களிடம் பிள்ளையை விடுங்கள். வேலை இல்லாமல் மூலையில் இருக்கிற கிழவிக்கும் அது மருந்து.

இப்போது கொஞ்சம் கனமான விடயம். கொட்டை பொறுக்கு, கல் பொறுக்கு, மூடி பொறுக்கு என்று சொல்லிப் பிள்ளையை எங்கள் மண்ணில் கண்டபடி விட முடியாது. போர் முடிந்து இத்தனை வருசமாகியும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை முற்றாக முடியவில்லை. துப்புரவாக்கிய வளவிலும் மண் கிண்டும்போதும் குப்பை எரிக்கும்போதும் பழைய வெடிபொருள் வெளிப்படலாம். ஆகவே பொறுக்குவதெல்லாம் தினமும் கூட்டுகிற முற்றத்துக்குள் மட்டும். இதையும் ஒரு விளையாட்டாகவே பழக்குங்கள். சிரட்டை, கல், இலை, துருப்பிடித்த ஒரு தகரத் துண்டு என்று வரிசையாகக் காட்டி, "இது என்ன? எடுக்கலாமா?" என்று கேளுங்கள். தெரியாத பொருள், இரும்பு, பளபளப்பான குழாய் என்றால் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "தொடமாட்டேன், அம்மாவுக்குச் சொல்லுவேன்" என்று சொல்லவேண்டும். கைகட்டுவதுதான் அதிலே விளையாட்டு. மெய்யாகவே ஏதாவது கண்டால் நீங்களும் தொடாமல், அந்த இடத்துக்கு ஒருவரையும் விடாமல், கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

சில பிள்ளைகள் தடியைத் துவக்காகப் பிடிப்பார்கள். போரைக் காணாத பிள்ளையும் வீட்டுக் கதை கேட்டு "செல் வருது, படு" என்று விளையாடும். அதைக் கேட்டதும் எங்களுக்கு நெஞ்சு பதறும், "நிப்பாட்டு" என்று கத்திவிடுவோம். கத்தாதீர்கள். பக்கத்தில் இருந்து, "படுத்தாச்சு, பிறகு என்ன செய்தவை?" என்று கேளுங்கள். "எழும்பி வீட்ட போய்ச் சோறு தின்றவை" என்று பிள்ளையே ஒரு முடிவு கட்டும். ஆனால் ஒரே விளையாட்டைச் சிரிப்பில்லாமல் நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்தாலோ, பேச்சுக் குறைந்துபோனாலோ, இரவில் அலறி எழும்புவது நிற்காவிட்டாலோ உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எந்த வயதில் என்ன செய்யவேண்டும் என்றும் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் தடுப்பூசி நாளில் மட்டும் திறக்கிற பழக்கத்தை விடுவோம்.

கைத்தொலைபேசி பற்றியும் கேட்டிருந்தார். பிள்ளை அழாமல் இருக்கிறது என்பதற்காகக் கொடுக்கிறோம், எனக்கும் விளங்குகிறது. இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. திரைக்குள் நடப்பதைப் பிள்ளை பார்க்கும், ஆனால் பிள்ளை சொல்லுவதைத் திரை கேட்காது.

இதையெல்லாம் கடிதத்தில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தபோது அவர் வீட்டுக்குப் போனேன். மகன் கதவுக்குப் பின்னால் நின்றான். தாய் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒரு விளையாட்டும் வராது ரீச்சர். சும்மா இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"பங்கருக்குள்ள இருந்த நேரம் என்ன செய்தனீர்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பம்மா கொக்கான் வெட்டப் பழக்கினவ" என்றார்.

முற்றத்தில் ஐந்து கல் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன். வெட்கப்பட்டார். ஒரு கல்லை மேலே எறிந்தார், தவறிவிட்டது. இரண்டாம் முறை பிடித்தார். பிறகு பார்க்கவேண்டும் அந்தக் கையை! ஒன்று ஒன்றாக நாலு, இரண்டு இரண்டாக நாலு, மூன்றும் ஒன்றும் நாலு, கடைசியில் நாலையும் ஒரே அள்ளில். கதவுக்குப் பின்னால் நின்றவன் எப்போது பக்கத்தில் வந்து இருந்தான் என்று ஒருவருக்கும் தெரியாது.

"பிள்ளை, இப்ப நீர் செய்தது என்ன தெரியுமோ? நாலு என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் எண்டு காட்டிப்போட்டீர். இதைத்தான் ஒரு கணித ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்" என்றேன். நாலு வயதுப் பிள்ளைக்கு எறிந்து பிடிக்க வராது. எறியாமல், கல்லை நிலத்தில் உருட்டிவிட்டு, அது நிற்குமுன் மற்றதை எடுக்கச் சொல்லலாம். அவன் முதல் முறையே மூன்று கல்லை அள்ளிவிட்டு, "ஒண்டு மிச்சம் அம்மா" என்றான்.

இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற நகரத்துக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்று ஒரு கிராமம். 1945இல் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பின்வாங்கிய ஜேர்மன் படை விட்டுப்போன ஒரு தாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் அந்த ஊர்ச் சனங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பாடசாலை கட்டினார்கள். முன்னுக்கு நின்றவர்கள் பெண்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் பார்க்கப் போன லொரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் அந்தப் பகுதியிலேயே நின்றுவிட்டார். இன்று உலகமெங்கும் பாலர் கல்வி படிப்பவர்கள் அந்த ஊரைத் தேடிப் போகிறார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னேன். "தாங்கியை வித்தவையோ?" என்று கேட்டு அந்தச் சகோதரி வாய்விட்டுச் சிரித்தார்.

நான் வெளிக்கிடும்போது படலையடியில் ஒன்று கேட்டார்: "ரீச்சர், அப்பம்மா நொடியும் போடுறவ. அதுகளும் படிப்புத்தானோ?" படிப்புத்தான் என்றேன். ஞாபகம் வருகிற நொடிகளை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊர் நொடிகளையும் அனுப்பி வையுங்கள், எந்த ஊர், யார் சொல்லித் தந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதக் கஷ்டமானவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். அடுத்த இதழில் அவற்றை வைத்துக்கொண்டு பேசுவோம்.